கதவைத் தட்டும் சாவிக்காரி

என் அண்ணி குளியலறைக் கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள். வீட்டில் மொத்தமே மூன்று பேர். அண்ணன் பஸ் கண்டக்டர் வேலைக்குப் போயிருப்பான், நான் அவள் கண்ணெதிரே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அப்படியும் தட்டுவாள். "உள்ள யாரு இருக்கீங்க?" என்று கேட்பாள். "நம்ம பல்லி இருக்கு அண்ணி, இன்னும் தலை துவட்டல" என்பேன் நான். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு உள்ளே போவாள்.

அவளுக்குப் பூட்டு வேலை. சந்தை வாசலில் செருப்புத் தைப்பவருக்கும் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவருக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டிக்கடை. உடம்பு உள்ளே போனால் கால் வெளியே இருக்கும், காலை இழுத்துக்கொண்டால் தலை வெளியே வந்துவிடும். சுற்றிலும் வெட்டாத சாவிகள் கம்பியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அரம், சாவியைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், நுனி வளைந்த கம்பிகள், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு துண்டுப் பென்சில். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு அல்ல. வெட்டாத சாவியைச் சுடரில் காட்டிக் கரியேற்றிப் பூட்டுக்குள் விட்டு ஒரு திருகு திருகி எடுப்பாள். கரி எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே அரத்தை வைப்பாள். மறுபடி கரி, மறுபடி திருகல். பென்சில், இறுகிப்போன பூட்டுக்கு. முனையைச் சுரண்டி அந்தக் கருப்புத் தூளை உள்ளே ஊதுவாள். பூட்டுக்கு எண்ணெய் விடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. "எண்ணெய் விட்டா தூசி வந்து அப்பிக்கும், இதுகூடத் தெரியாம வீடு வாசல்னு கட்டிட்டீங்க" என்று காசு கொடுக்க வந்தவரையே காய்ச்சி எடுப்பாள்.

சந்தையின் பின்வாசலில் இன்னொரு பூட்டுக்காரர் உண்டு. எந்த வேலையைக் கொண்டுபோனாலும் "பத்து நிமிஷம்" என்பார். காலையில் கொடுத்தால் சாயங்காலம் கிடைக்கும். அதனால் ஊரில் அவர் பெயரே பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அவருக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். "அந்தம்மாவுக்குப் பூட்டு தொறக்கறதைவிடக் கதவு தட்டறதுலதான் கைராசி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். "அவரு பத்து நிமிஷத்துல தொறக்கறதுக்குள்ள வீட்டுக்காரங்க வேற வீடே கட்டிடலாம்" என்று இவள் இங்கிருந்து திருப்பிக் கொடுப்பாள்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்து திறந்து கொடு என்று கூப்பிட்டால், அண்ணி போய் முதலில் தட்டுவாள். "உள்ள யாரு இருக்கீங்க? நான் சாவிக்காரி. தொறக்கலாமா?" வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று, "நான்தாம்மா வீட்டுக்காரன், உள்ள ஒருத்தருமில்ல" என்று தலையில் அடித்துக்கொள்வார். இவள் காதைக் கதவில் வைத்துக் காத்திருந்துவிட்டுத்தான் கம்பியை எடுப்பாள். உள்ளேயிருந்து யாராவது வேண்டாம் என்றால் அவ்வளவுதான், சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவாள். ஒருமுறை அப்படிச் சொன்னது ஒரு கிளி. அதற்கும் திரும்பி வந்தவள் இவள்! அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அண்ணன் பஸ்ஸில் பாதி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அது என்னிடமிருந்து வந்தது.

எனக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அதைப் பற்றிப் பேச என்னிடம் அதிகம் இல்லை. ஒரு நாள் காலை அந்த மனிதர் வெளியே போனதும், ஆணியில் மாட்டியிருந்த அவருடைய சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளேயிருந்தே கதவைச் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவன் வரும்வரை திறப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். மதியம் சாவித் துவாரத்தில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. கம்பி உள்ளே துழாவுகிற சத்தம். எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை. கதவு திறந்தது. அவர் உள்ளே வந்தார். வாசலில் கையில் கம்பியோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். சாவி தொலைந்துவிட்டது, வீட்டில் யாருமில்லை என்று சொல்லி அவளைக் கூட்டிவந்திருக்கிறார். கடை போட்ட புதிது, நம்பிவிட்டாள்.

என் இடது கை இன்றும் முழுதாக நீளாது. அன்று அவள் உள்ளே பாய்ந்து அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவையே கூட்டியிராவிட்டால், கை மட்டும் போயிருக்காது. ஆஸ்பத்திரிக்கு அவள் தினமும் வந்தாள். வந்து கட்டிலருகே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கேட்டாள்: "நான் தட்டிக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

அன்றிலிருந்து அவள் தட்டாமல் எந்தக் கதவையும் திறந்ததில்லை. எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்த என் அண்ணன் அவளைப் பார்த்துப் பார்த்து விழுந்தது தனிக்கதை. என்னைப் பார்க்க வந்தவன் அவளைப் பார்த்துவிட்டுப் போனான் என்று இன்றும் குத்திக்காட்டுவேன். எப்படியோ, என் கையைக் கெடுத்த கதவைத் திறந்தவளே எனக்கு அண்ணியாக வந்தாள். நான் அவர்களோடேயே தங்கிவிட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பாசம் வந்தபிறகும் கோபம் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது.

பிறகு போர் வந்தது. எல்லையில் எங்கேயோ நடந்தது, நாங்கள் ஒரு குண்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆனால் ஊர் மாறிவிட்டது. நாலு பேருக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்றார்கள். டீக்கடைக்காரர் பயந்துபோய் பெஞ்சை எடுத்து உள்ளே போட்டார். நாளிதழில் பத்திகளுக்கு நடுவே வெள்ளையாக இடம்விட்டு அச்சடித்தார்கள். நான் அந்த வெள்ளையில் துணி அளவு குறித்துக்கொள்வேன். அண்ணனுடைய பஸ்ஸில் ஒருவரோடொருவர் பேசுவதே நின்றுபோயிற்று. முன்பெல்லாம் இடத்துக்குச் சண்டை, ஜன்னலுக்குச் சண்டை. இப்போது அவனுடைய விசில் சத்தம் மட்டும்தான். புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. கோர்ட் உத்தரவு எதுவும் இல்லாமல் போலீஸ் யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரையும் கொண்டுபோகலாம், எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொண்டுபோனவரைப் பற்றிக் கேட்கப் போனால், "அப்படி ஒருத்தரை நாங்க பார்க்கவே இல்லையே" என்பார்கள். அதோடு சரி.

முதலில் கதவுகளை உடைத்தார்கள். உடைத்த கதவு திறந்தே கிடக்க, பின்னாலேயே திருடன் புகுந்தான். மேலிடத்தில் யாருடைய உறவுக்காரர் வீட்டிலோ அப்படி ஆகிவிட, இனிமேல் நாசூக்காகத் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாசூக்குக்கு ஆள் வேண்டுமே. சந்தைக்கு ஜீப் வந்து அண்ணியின் பெட்டிக்கடை முன் நின்றது. கூப்பிட்டபோது வர வேண்டும், வராவிட்டால் அதுவும் அதே சட்டத்தில் குற்றம்.

அன்று வீட்டில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனிடம் அவன் புலி. போலீஸ் தொப்பியைக் கண்டால் பூனைகூட இல்லை, பூனைக்குட்டி. "போயிட்டு வந்துடு, எதுவும் பேசாதே" என்று அவளிடம் கெஞ்சினான்.

"உடைக்கறதுக்குத் தொறக்கறது மேல் இல்லையா? வேலை முடிஞ்சதும் நான் திரும்பப் பூட்டிட்டு வருவேன்" என்றாள் அவள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "என் கதவைத் தொறந்தியே, அந்த மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் கறுத்தது. "இல்ல. தட்டிட்டுத் தொறப்பேன்."

"தட்டுவ. வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவ?"

தட்டில் போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

முதலில் வந்த இன்ஸ்பெக்டர் சதா இருமுகிறவர். நல்ல மனிதர் என்று சொல்ல முடியாது, ஆனால் அலுத்துப்போன மனிதர். அவர் கூட்டிப்போன வீடுகளெல்லாம் ஆளில்லாத வீடுகள். ஏற்கெனவே பிடித்துப்போனவர்களுடையது, இல்லை ஓடிப்போனவர்களுடையது. அண்ணி அங்கேயும் தட்டினாள். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். "யாருமில்லாத வீட்டுல யாரும்மா பதில் சொல்லப்போறாங்க, பேயா?" என்றார்கள். இருமல் இன்ஸ்பெக்டர் கையசைத்து, "தட்டட்டும் விடுய்யா, அதுக்குள்ள ஒரு தடவை இருமிக்கறேன்" என்றாராம். அவள் திறந்துவிட்டு வாசலிலேயே நிற்பாள், நிலைப்படியைத் தாண்ட மாட்டாள். அவர்கள் வெளியே வந்ததும் பூட்டிவிட்டுக் கிளம்புவாள்.

ஊர் சும்மா இருக்குமா? பெட்டிக்கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கைக்கடிகாரக்காரர் தன் ஸ்டூலை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எங்கள் தெருவிலேயே ஆளாளுக்குக் கதவின் உட்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள், அதுவும் பத்து நிமிஷத்தைக் கூப்பிட்டு. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நடந்துபோவாள். "தாழ்ப்பாள் நல்லதுதான்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். "வெளிய இருந்து என்னால தொறக்க முடியாது." அவள் பாவம் என்று எனக்கு அன்று பட்டது. ஆனாலும் அவளிடம் ஒழுங்காக நாலு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பின்தெருவில் ஒரு நர்ஸ் தனியாகக் குடியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ராணுவ வார்டில் வேலை. அந்த வார்டில் யார் கிடக்கிறார்கள், எத்தனை பேர், எந்த நிலையில் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்பது சட்டம். ஒரு தாய் தன் மகனைத் தேடி ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தாள். அவன் எல்லையில் நலமாக இருக்கிறான் என்றே அவளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவனோ இந்த நர்ஸின் வார்டில் இரண்டு காலும் இல்லாமல் படுத்து, அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அந்தத் தாயின் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வதந்தி பரப்பிய குற்றம். அவ்வளவுதான் அவள் செய்தது.

அதற்குள் இருமல் இன்ஸ்பெக்டரை மாற்றிவிட்டிருந்தார்கள். புதியவர் இளவயது, இஸ்திரி கலையாத சட்டை. பட்டப்பகலில் வந்தார். இரவு வேலை முடித்து நர்ஸ் வீட்டில் தூங்குகிற நேரம் என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். தைத்த பாவாடையைக் கொடுத்துவிட்டு நான் அந்தத் தெருவில்தான் திரும்பி வந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். அண்ணியை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். புது இன்ஸ்பெக்டர் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"இங்க தட்டக் கூடாது. சத்தமே வரக் கூடாது. போனை எடுக்கக்கூட அவளுக்கு நேரம் குடுக்கக் கூடாது, புரியுதா?"

அண்ணி தலையாட்டினாள். குனிந்து பூட்டைப் பார்த்தாள். இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் அதே வகைப் பூட்டு. உள்ளே தாழ்ப்பாள் போடவில்லை போலிருக்கிறது, அந்தத் தெருவிலேயே நர்ஸ் ஒருத்திதான் பத்து நிமிஷத்தைக் கூப்பிடாதவள். அண்ணி கம்பியை எடுத்தாள். துவாரத்தில் வைத்தாள். அந்தச் சுரண்டல் சத்தம் தெரு முனையில் நின்ற எனக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் என் இடது கை வலித்தது.

அப்போது அவளுடைய வலது கை எழுந்து கதவைத் தட்டியது.

"உள்ள யாரு இருக்கீங்க? நான் சாவிக்காரி. தொறக்கலாமா?"

வழக்கமான குரல், வழக்கமான சத்தம். தெரு முழுக்கக் கேட்டது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தூக்கம் கலையாத ஒரு குரல்.

"யாரு... வேணாம். தொறக்காதீங்க அக்கா."

அண்ணி கம்பியை வெளியே இழுத்தாள். முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டாள். நிமிர்ந்து நின்று இன்ஸ்பெக்டரைப் பார்த்து, வாடிக்கைக்காரரிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள்: "வேணாங்கறாங்க சார்."

பிறகு அவர் போட்ட கூச்சலை நான் எழுதப்போவதில்லை. தொற என்றார், இவள் அசையவில்லை. கம்பியைப் பிடுங்கி ஒரு போலீஸ்காரரிடம் கொடுத்தார், அவர் அதைத் துவாரத்திலேயே உடைத்து வைத்தார். கடைசியில் தோளால் இடித்து, கடப்பாரை தேடிக் கொண்டுவந்து உடைத்தார்கள். நல்ல மரக்கதவு, சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்துவிட்டது. யாரும் கூடி நிற்கவில்லை. அவரவர் வீட்டு வாசலில் அவரவர் நின்றார்கள், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

கதவு விழுந்தபோது நர்ஸ் வாசலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். நைட்டியை மாற்றிப் புடவை கட்டியிருந்தாள். தலை வாரியிருந்தாள். காலில் செருப்புப் போட்டிருந்தாள். ஊருக்கு மறுகோடியில் இருக்கும் அக்காவுக்குப் போன் பண்ணி, "என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க, கதவை இடிச்சிட்டிருக்காங்க, கேக்குதா?" என்று சொல்லி முடித்திருந்தாள். அது பிறகு அந்த அக்கா சொல்லி எங்களுக்குத் தெரிந்தது. அவளைக் கொண்டுபோவதை அண்ணியால் தடுக்க முடியவில்லை. ஆனால் படுக்கையிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு போக அவர்களால் முடியவில்லை, ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுபோகவும் முடியவில்லை. ஜீப்பில் ஏறும்போது நர்ஸ் தெருவைப் பார்த்துத் தன் முழுப்பெயரைச் சத்தமாகச் சொன்னாள். அதே ஜீப்பில் அண்ணியையும் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனுக்கு நானும் அண்ணனும் ஓடினோம். புது இன்ஸ்பெக்டருக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. இப்படி ஒரு கூத்து நடந்தது என்று மேலிடத்துக்குச் சொல்ல அவருக்கும் விருப்பம் இருந்திருக்காது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவரே வழி சொல்லிக் கொடுத்தார்.

"இங்க பாரும்மா. உனக்குத் தட்டறது பழக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. யோசிக்காம கை தட்டிடுச்சு, போலீசைப் பார்த்துப் பயத்துல கை ஓடல, அதான் தொறக்கல. இனிமே இப்படி நடக்காது. இதைச் சொல்லு, வீட்டுக்குப் போ."

"சொல்லிடு" என்றான் அண்ணன். "உண்மைதானே? பழக்கம்தானே? குளியலறையையே தட்டறவதானே நீ? சார், இவ குளியலறையைக்கூடத் தட்டுவா சார்!"

ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அண்ணிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். அண்ணனை அல்ல, இன்ஸ்பெக்டரையும் அல்ல, என்னை.

"தட்டினது பழக்கம்தான் சார்" என்றாள். "கை தானா தட்டிடுச்சு. அதுல எனக்கு ஒரு பெருமையும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னப்பறம் நிறுத்தினது பழக்கம் இல்ல. பயமும் இல்ல. அது நானா செஞ்சது. நாளைக்கும் அப்படித்தான் செய்வேன்."

போய் அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. போய் அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. என்னிடம் சொல்லாமல் எழுந்துபோன அந்தப் பதிலைத்தான் அவள் சொல்லி முடித்திருந்தாள். அன்று மாலையே அவளை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கே என்று சொல்லவில்லை. தகரப் பெட்டிக்கடைக்குச் சீல் வைத்தார்கள். அண்ணன் இரண்டு நாள் விசில் ஊத மறந்து, பஸ் நிறுத்தங்களைத் தாண்டிப் போயிற்று என்று டிரைவர் வந்து சொன்னார். வீட்டில் நான் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் கதவைத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியாது, தட்டிவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

நர்ஸின் அக்கா விடவில்லை. தினமும் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தாள். பின்தெருக்காரர்களும் போனார்கள். நாலு பேருக்கு மேல் கூடாது என்பதால் நாலு நாலு பேராகப் போனார்கள். முதல் நாலு பேர் கேட்டுவிட்டுத் திரும்பும்போது அடுத்த நாலு பேர் எதிரே வருவார்கள். "அப்படி ஒருத்தரைப் பார்க்கவே இல்லை" என்று இந்த முறை சொல்ல முடியவில்லை, தெருவே பார்த்திருந்தது. கடைசியில் நர்ஸை எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். அண்ணியும் அங்கேதான் என்று அதோடு சேர்ந்து வெளியே வந்தது. தன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டாரே கைக்கடிகாரக்காரர், அவர் மூன்று முறை போய்க் கேட்டுவிட்டு வந்தார் என்று பிறகு அறிந்தேன்.

அதன் பிறகு ஒரு காலை, எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். நான் மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஜீப் நிற்கும் சத்தம், பூட்ஸ் சத்தம். பிறகு சாவித் துவாரத்தில் கம்பி சுரண்டும் சத்தம்.

எத்தனை வருஷம் ஆனாலும் அந்தச் சத்தம் எனக்கு மறக்காது. கால் மறுபடியும் வரவில்லை. மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது திறக்கும், இப்போது திறக்கும் என்று கதவையே பார்த்தேன். சுரண்டல் நின்றது.

கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாரும்மா இருக்கீங்க?" நடுங்குகிற, வயதான குரல். "நான் பூட்டுக்காரன். தொறக்கலாமா?"

பத்து நிமிஷம்! கதவு தட்டுவதில்தான் அண்ணிக்குக் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே மனிதர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணியிடம் சொன்ன வார்த்தையை, அன்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் இப்போது சொன்னேன்.

"வேணாம்."

"வேணாங்கறாங்க சார்" என்றார் அவர் வெளியே.

அவரை அறைந்த சத்தமும் கேட்டது. பிறகு கதவை உடைத்தார்கள். அது உடைந்து விழுவதற்குள் எனக்குக் கால் வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவி, கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எதிர் வீடுகளின் வாசல்களில் எல்லோரும் நின்றிருந்தார்கள். வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அண்ணியின் பழைய சாவிகள் ஒரு மூட்டை. எந்தக் கதவுக்கு எது என்று கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்? தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைக் கொண்டுபோகவில்லை.

பத்து நிமிஷத்தைத் திட்டி விரட்டிவிட்டிருந்தார்கள். ஜீப் போனதும் கன்னத்தைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார். விழுந்து கிடந்த கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் பெரியவரே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றேன்.

"அவ செஞ்சுட்டாளே, நான் செய்யலன்னா நாளைக்கு அவ முகத்துல எப்படிம்மா முழிக்கறது?" என்றவர், கதவுக் கீலைக் கையில் எடுத்தார். "இதை மாட்டிடலாம்மா, பத்து நிமிஷம்."

அடுத்த நாள் இருட்டும்வரை வேலை செய்தார். கதவு நின்றது. பூட்டு மட்டும் போடவில்லை. அந்த இடத்தை ஓட்டையாகவே விட்டார். "அது அவ வேலை, வந்து போட்டுக்கட்டும்" என்றார். தள்ளினால் திறந்துகொள்ளும் கதவோடு நானும் அண்ணனும் குடித்தனம் நடத்தினோம். தூங்கும்போது நாற்காலியை முட்டுக் கொடுத்துக்கொள்வோம்.

ஏன் அண்ணியை விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் நான் தைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. நாற்காலி முட்டுக் கொடுத்திருக்கவில்லை. ஓட்டை வழியே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, ஒரு விரலால் தள்ளினால் போதும். தள்ளவில்லை. தட்டினார்கள்.

"உள்ள யாரு இருக்கீங்க?"

எழுந்திருக்க முயன்று, துணியெல்லாம் கீழே விழுந்து, காலில் நூல் சுற்றிக்கொண்டது.

"நாந்தான்."

"சாவிக்காரி. தொறக்கலாமா?"

சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறாள். பதில் வருகிறவரைக்கும் அங்கேயேதான் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"தொற அண்ணி" என்றேன். "வா."

கதவு திறந்தது. பாதியாக இளைத்துப்போயிருந்தாள். அந்த நர்ஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள், உன் கதவைப் பற்றி அவளிடம் சொன்னேன், உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள் என்றாள். எனக்கு எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை. அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என் இடது கை நீண்டவரைக்கும் நீண்டது. அவள் என் தலைக்கு மேலாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மாட்டின கீல் இது? கோணலா இருக்கு" என்றாள்.